பூட்டிய பேழையும் பகிர்ந்த ஏடும்

சென்ற தவணையில் ஒரு நாள் பண்டித வகுப்பிலே தமிழ் உரைநடையின் வரலாற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்து அச்சேறிய கதை வந்தது. 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆம் திகதி கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சாகியது. மறு ஆண்டு கொச்சியிலே ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’ என நாம் வழங்கும் பெருநூல் தோன்றியது. இம்மூன்றையும் தமிழிலாக்கியவர் இயேசு சபைத் துறவியாகிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, இந்த நூல்களை எங்கே பார்க்கலாம்?”

முதலாவது நூலின் படி அமெரிக்காவில் ஹாவட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது என்றேன். இரண்டாவது பாரிசு நகரத்துச் சோர்பொன்னில் இருந்தமை அறியப்பட்டது என்றேன். மூன்றாவதன் படி வத்திக்கான் நூலகத்தில் என்றேன். அம்மாணவன் சற்று நேரம் பேசாது நின்றான். பின்பு, “தமிழ் நூலைத் தமிழன் பார்ப்பதற்குக் கடல் கடக்க வேண்டுமா, ஐயா?” என்று கேட்டுவிட்டு இருந்தான்.

வகுப்பில் மற்றையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவிற்கு அன்று தகுந்த விடை சொல்ல என்னால் இயலவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் எண்ணிய பின்பு கிடைத்த விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மிற் பலர், “அந்நியர் நம் நூல்களைக் கொண்டுபோய்விட்டனர்” என்று மனங்கசந்து பேசுவர். அக்கூற்றிற் சில இடங்களில் உண்மை உண்டு. ஆனால் இந்நூல்களைப் பொறுத்தவரை உண்மை வேறு. அச்சிடப்பட்ட நாளில் இவை பல படிகளாக வெளிவந்து, முத்துக்குளித்துறை ஊர்களிலே கையிற் பிடித்து ஓதப்பட்டவை. அங்கே வழங்கிய படிகளெல்லாம் கரையானுக்கும் கடற்காற்றுக்கும் மழைக்கும் இரையாயின. எங்கோ தொலைவிற்கு யாரோ அனுப்பிவைத்த படியே எஞ்சியது. நாம் வைத்திருந்ததை இழந்தோம். பிறருக்குக் கொடுத்தது தப்பிப் பிழைத்தது. கசப்பாயினும் இதுவே நடந்தது.

என் பிழை

இதனை எழுதும்போது என் நெஞ்சில் உறுத்தும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பிறருக்கு அறிவுரை சொல்பவன் தன் குற்றத்தை மறைத்தல் தகாது.

எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர், தம் இறுதிக்காலத்தில், தம் கையால் எழுதிய ஐந்து கொப்பிகளை 1993ஆம் ஆண்டில் என்னிடம் ஒப்படைத்தார். நன்னூலுக்கு அவர் வகுப்பிற் சொன்ன விளக்கங்கள், எங்கள் ஊர்க் குளங்கள் வயல்களின் பழைய பெயர்கள், முதியோர் வாய்க் கேட்ட கதைகள் யாவும் அவற்றில் இருந்தன. வேறெங்கும் இல்லாத செய்திகள் அவை. யான் அவற்றை ஒரு துணியிற் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பை என் இடுப்பிலேயே வைத்திருந்தேன். பெரிய பொறுப்பைச் செவ்வனே செய்வதாக எண்ணி மகிழ்ந்தேன்.

அடுத்த ஆண்டு இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். அக்கொப்பிகளைப் பார்த்து எழுதிக்கொள்ள விரும்பினார். மின்சாரமில்லாத காலம், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. இருந்தும் அவர் ஐந்து வெற்றுக் கொப்பிகளை வாங்கிக்கொண்டே வந்திருந்தார். “பிறகு பார்ப்போம், தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னும் இருமுறை வந்தார். இருமுறையும் அதனையே சொன்னேன். அவர் கேட்பதிற் குற்றமில்லை என்பதை அறிவேன். ஆயினும், என் ஆசிரியருடைய சொத்துக்கு யான் ஒருவனே உரியவன் என்ற செருக்கு என்னை விடவில்லை. காவல் என்ற பெயரால் யான் காத்தது அச்செருக்கையே.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஓரிரவிற் புறப்பட நேர்ந்தது. மழை. சைக்கிளில் தாயாரையும் ஒரு பெட்டியையும் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். உறுதிகளும் சான்றிதழ்களும் வைத்த பெட்டிக்குள் ஒரு கொப்பியைத் திணிக்க முடிந்தது. மற்றை நான்கும் பூட்டிய அலுமாரியிலேயே நின்றன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரியும் இல்லை. திறப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

அன்று அவ்விளைஞரை எழுதவிட்டிருந்தால், அவர் இன்று எந்நாட்டில் இருந்தாலும், அந்த நான்கு கொப்பிகளும் அவரோடு போய் இருந்திருக்கும். பகைவனோ பூச்சியோ செய்யுமுன் அந்த அழிவை யானே தொடக்கிவைத்தேன்.

ஒரு சபையின் வழக்கம்

இனி, மேலே சொன்ன துறவியின் சபைக்கு வருவோம். ஏட்டைக் காப்பது எப்படி என்பதைக் கற்க வேண்டுமாயின், இயேசு சபையாரின் பழைய வழக்கம் ஒன்றை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும்.

அச்சபை 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. உலகின் பல மூலைகளுக்குத் தம் உறுப்பினரை அனுப்பிய அச்சபையை ஒரு குடும்பமாகக் கட்டியது கடிதம். 1547 முதல் அதன் செயலாளராயிருந்த பொலாங்கோ என்பவர், கடிதம் எப்படி எழுதவேண்டும், எதை எழுதவேண்டும் என்று விதிமுறைகளே வகுத்தார். கீழைத் தேயத்திலிருந்து உரோமாபுரிக்கு எழுதும் கடிதத்தை ஒரு படியாக அனுப்புவதில்லை. இரண்டு மூன்று படிகள் எடுத்து, ‘முதல் வழி’, ‘இரண்டாம் வழி’ என்று குறித்து, வெவ்வேறு கப்பல்களில் ஏற்றுவர். ஒரு கப்பல் மூழ்கினால் மற்றொன்று சேரும். மேலும், ஓரிடத்திலிருந்து வந்த கடிதத்தை வேறு இல்லங்களுக்கும் படியெடுத்து அனுப்பிப் பலர் வாசிக்கச் செய்வர். இவ்வழக்கத்தினாலே பகிர்தலும் காத்தலும் அவர்களுக்கு ஒரே தொழிலாயின.

அவ்வழக்கத்தின் பயனைக் காலம் சோதித்தது. 1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலிருந்து அச்சபையாரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளெமென்ற் சபையையே கலைத்துவிட்டார். 1814இல் மீண்டும் நிறுவப்படும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் நூலகங்களும் ஆவணங்களும் உரிமையாளரின்றிக் கிடந்தன. அரசுகள் சிலவற்றைக் கைப்பற்றின, சில விற்கப்பட்டன, சில அழிந்தன. பின்னரும் இத்தாலிய அரசோடு எழுந்த பிணக்கினால் உரோமாபுரியிலிருந்த தலைமை ஆவணங்கள் ஒல்லாந்து தேசத்திற்குப் பெயர்க்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரிக்கு மீண்டன. இத்தனை அலைக்கழிவுக்கும் பின்னர் இன்று உரோமாபுரியிலுள்ள அச்சபையின் ஆவணக் காப்பகத்தில் ‘கோவா’ என்னும் தொகுதிகளுக்குள் நம் முத்துக்குளித்துறை, மதுரை, மன்னார் பற்றிய கடிதங்கள் எஞ்சி நிற்பதற்குக் காரணம் என்ன? பல படிகளாய்ப் பல இடங்களுக்குப் போனமையே பெருங்காரணம் என்பேன்.

இதனை நம் நாட்டு வரலாற்றிலேயே காட்டலாம். பெர்னாவோ தெ கெய்றோஸ் என்னும் இயேசு சபைத் துறவி, இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சியின் வரலாற்றைக் கோவாவில் இருந்துகொண்டு எழுதி 1687இல் நிறைவு செய்தார். மறு ஆண்டு காலமானார். அந்நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே இரு நூற்றாண்டுக்கு மேற் கிடந்தது. அது கண்டெடுக்கப்பட்ட இடம் இலங்கையுமன்று, கோவாவுமன்று. அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் பிரேசில் நாட்டு ரியோ தெ ஜெனெய்ரோ நகரம்! அதன் போர்த்துக்கேய மூலம் 1916இற் கொழும்பில் அச்சாகியது. நம் நாட்டவராகிய எஸ். ஜீ. பெரேரா அடிகளார், அவரும் அச்சபையினரே, அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து 1930இல் வெளியிட்டார். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த வரலாற்றை ஆராய்வோர் எவரும் அந்நூலைத் தொடாது செல்ல இயலாது.

இக்கதையில் ஒரு பாதி மகிழ்ச்சிக்கும் ஒரு பாதி வருத்தத்திற்கும் உரியது. ஏடு தப்பியது மகிழ்ச்சி. 229 ஆண்டுகள் அதைப் படிக்க வேண்டியோர் கண்ணிற் படாது கிடந்தது வருத்தம். அத்தனை தலைமுறை மாணவர்க்கு அது இல்லாத நூலே. இருந்தும் எட்டாத நூலுக்கும் எரிந்து சாம்பலான நூலுக்கும், படிக்க விரும்புகின்றவனுக்கு என்ன வேற்றுமை?

ஹென்றிக்கஸ் அடிகளார் எழுதிய இலக்கணத்தின் கதையும் இத்தகையதே. தமிழைக் கற்க விரும்பிய தம்மவர்க்காக 1549ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய தமிழிலக்கணங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அது. கையெழுத்துப் படி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. அச்சேறியது 1982இல், ஆங்கிலத்தில் வந்தது 2013இல். 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழர் எப்படிப் பேசினர், எந்த வினைமுடிபுகளை வழங்கினர் என்பதற்கு நேர்ச்சான்று தரும் நூல் அது. உரையாசிரியர்களின் செந்தமிழை மட்டும் கற்ற எங்களைப் போன்ற பண்டிதர்க்கு அது காட்டும் வழக்குத் தமிழ் ஒரு புதுக்கண். அது நானூறு ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்தது.

திறந்தோர் செய்த நன்மை

மூடிய பேழை திறந்தபோதெல்லாம் என்ன நன்மை விளைந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுரைப் பணித்தளத்திற் பழைய துறவிகள் எழுதிய ஆண்டுக் கடிதங்களை பெர்த்ராந்து என்னும் இயேசு சபையார் பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாகப் பாரிசிலே வெளியிட்டார். அவர் கருதியது தம் சபையின் வரலாறு. ஆனால், 1924இல் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோது, அக்கடிதங்களே அவருக்குப் பெருந்துணை ஆயின. பஞ்சமும் போரும் வரியும் மக்கள் பட்ட பாடும் நாள்தோறும் கண்டெழுதியவர் எழுத்தில் இருந்தன. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அவை இல்லை. ஒரு சபை தன் வீட்டுக் கணக்கைத் திறந்து காட்டியது; ஒரு நாட்டு மக்களுக்குத் தம் பாட்டன்மாரின் கதை கிடைத்தது.

வீரமாமுனிவர் நூல் ஒன்று இன்னும் வியப்பான கதை சொல்லும். அவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சாகியது. எங்கே? தரங்கம்பாடியில், லுத்தரன் திருச்சபையாரின் அச்சகத்தில்! அவர்களோடு முனிவர் சமய வாதம் புரிந்தார். அவர்களை மறுத்து நூலும் எழுதினார். ஆயினும் அவர்தம் இலக்கணத்தின் அருமையை உணர்ந்த எதிரணியினரே அதை அச்சிட்டனர். சமயத்தில் மாறுபட்டோர் தமிழில் ஒன்றுபட்டனர். இப்படிச் செய்தற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்னரே மனம் இருந்ததாயின், இன்று நமக்கு ஏன் இருத்தலாகாது?

நம் காலத்தை ஒட்டியவர்களுள் தனிநாயகம் அடிகளாரை மறத்தல் கூடுமா? ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த அப்பெருமகனார் இயேசு சபையினரல்லர். ஆயினும் அச்சபையாரின் பழந்தமிழ் நூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்கள்தோறும் அலைந்தார். புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி, ஆசிரியர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. அதன் படியை வத்திக்கான் நூலகத்தில் 1954இல் அவர் கண்டார். கண்டதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நிழற்படமாக்கி 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக உலகறிய வெளியிட்டார். அவ்வாண்டே கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதையும் நினைக்க வேண்டும். இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து பழைய நூல்களை ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார்; ‘அடியார் வரலாறு’ 1967இல் மீண்டும் தமிழர் கைக்கு வந்தது அவர் உழைப்பினாலேயே.

ஆகவே, என் மாணவனுக்கு யான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இது: “மூலத்தைக் காணக் கடல் கடக்க வேண்டும், தம்பி, நூலைக் காண வேண்டியதில்லை. சிலர் நமக்காகக் கடல் கடந்து போய்ப் படியெடுத்து வந்தனர்.” ஆயினும் அவ்விடை பாதி விடையே. வந்தவை சில. வராது கிடப்பவை பல.

தடை சொல்வார்க்கு

துறவற சபைகளின் ஆவணங்களைத் திறந்துவிட வேண்டும் என்றால், எதிர்வாதம் சொல்வாரும் உளர். அவ்வாதங்களை எள்ளி நகையாடுதல் நேர்மையன்று.

“இவை எம் வீட்டுக் கடிதங்கள், ஊரார்க்கு இவற்றில் என்ன உரிமை?” என்பது முதல் வாதம். சொத்துரிமை அவர்களுடையதே; மறுக்கவில்லை. ஆனால் அக்கடிதங்களில் எழுதப்பட்டோர் எங்கள் முன்னோர். எழுதியவன் ஒருவன், எழுதப்பட்டவர் ஓர் ஊரார் என்றால், அவ்வூராரின் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஊருணி ஒருவன் காணியில் இருக்கலாம், நீர் ஊருக்கன்றோ?

“பலர் தொட்டால் ஏடு கெடும்” என்பது இரண்டாவது வாதம். இது மெய். ஆனால் இன்று ஏட்டைத் தொடாமலே படிக்க வழி வந்துவிட்டது. ஒருமுறை நல்ல படமெடுத்துவிட்டால் மூலத்தை இருளிலும் குளிரிலும் வைத்துவிடலாம். உலகப் போரின் அழிவைக் கண்ட பின்னர், 1950களில், அமெரிக்காவில் இயேசு சபையார் நடத்தும் சென் லூயிப் பல்கலைக்கழகத்தார் வத்திக்கான் நூலகத்துக் கையெழுத்துப் படிகளைச் சிறுபடச் சுருள்களாக்கித் தம் நாட்டில் வைத்தனர். கப்பலில் இரண்டாம் படி அனுப்பிய பழைய வழக்கத்தின் புதிய வடிவம் அது. அன்று பெரும் பொருட்செலவில் செய்ததை இன்று சிறு செலவிற் செய்யலாம்.

“குடும்ப மறைபொருள்கள் வெளிப்படும்” என்பது மூன்றாவது. இவ்வாதத்திற்கு யான் முழுதும் தலைவணங்குகின்றேன். ஒருவன் தன் துயரத்தைத் துறவியிடம் சொல்லி எழுதிய கடிதம், ஒரு பெண்ணின் திருமணப் பிணக்கு, பிள்ளையொன்றின் பிறப்புப் பற்றிய குறிப்பு ஆகியவை அவர்களும் அவர்தம் மக்களும் வாழும் காலத்தில் வெளிவரல் ஆகாது. இத்தனை ஆண்டு கழிந்த பின்னரே திறக்கப்படும் என்று எல்லை வகுப்பது முறை. ஆனால் எல்லை வகுப்பது வேறு. எல்லாவற்றையும் மூடுவது வேறு. 1600ஆம் ஆண்டுக் கடிதத்திற்கு மறைபொருள் என்ன இருக்கின்றது?

நான்காவது வாதத்தை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை, மனத்தில் வைத்திருப்பர். “இவ்வேடுகளில் எமக்குப் பெருமை தராத செய்திகள் உள” என்பதே அது. யான் சைவன். எங்கள் கோயில்களைப் பேய்க் கோட்டம் என்றும், எங்கள் வழிபாட்டை அறியாமை என்றும் பழிக்கும் வரிகள் அவ்வெழுத்துக்களில் நிறைய உண்டு என்பதை அறிவேன். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த வரலாற்றை அவர்கள் தரப்பு ஏடுகள் பெருமிதத்தோடு பேசுவதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நோகாமல் இல்லை. ஆயினும் அவ்வரிகளை மறைக்க வேண்டும் என்று யான் கேட்கவில்லை. முதலில் அவற்றையே திறக்க வேண்டும் என்கின்றேன். இடித்தவன் எழுதிய சான்று இல்லையாயின், இடிக்கப்பட்டதை எதைக் கொண்டு நிறுவுவோம்? தன் குறையைக் காட்டும் ஏட்டையும் கிழிக்காது வைத்திருப்பவனே நம்பத்தகுந்த காப்பாளன். அவ்வகையில் அச்சபைக்கு யான் நன்றியே சொல்வேன்.

“சைவப் பண்டிதருக்குக் கத்தோலிக்கர் ஏட்டில் என்ன அக்கறை?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அக்கறை இதுதான். நூலின் சமயம் அதன் ஆசிரியருக்கு உரியது. நூலின் தமிழ் எனக்கும் உரியது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. அவர் 1928இல் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ இல்லாமல் எங்கள் ஊர் வரலாற்றை எந்தச் சைவனாவது எழுத முடியுமா?

செய்ய வேண்டியவை

வெறும் புகழ்ச்சியோடும் வருத்தத்தோடும் நிறுத்தினால் பயனில்லை. ஆசிரியரும் மாணவரும் இலக்கிய வட்டத்தாரும் சிந்திக்கும்படி சிலவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, அட்டவணை. எந்த இல்லத்தில் எந்த நூல் உண்டு, எந்தக் கட்டில் எந்த ஆண்டுக் கடிதம் உண்டு என்ற பட்டியல் வெளிவர வேண்டும். கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் முதலிய இடங்களில் இயேசு சபையார் அரும்பாடுபட்டு ஆவணங்களைச் சேர்த்து வைத்தனர். இலங்கையிலும் பல சபைகளின் இல்லங்களிற் பழம் புத்தகங்கள் உண்டு. அட்டவணை இல்லாத நூலகம், பெயர் எழுதாத மருந்துச் சாடிகள் நிறைந்த வைத்தியர் வீடு போன்றது. மருந்து இருந்தும் நோயாளிக்கு உதவாது.

இரண்டாவது, படி. ஓரிடத்தில் வைப்பது காவலன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகளார் உயிர்நீத்தார் என்பர். அந்நூலகத்திலிருந்த ஏடுகளுக்கு வேறிடத்திற் படி இருந்திருந்தால், கட்டடம் போயிருக்கும், ஏடு போயிராது. ஆகவே ஒவ்வோர் ஆவணத்திற்கும் மூன்று படிகள், மூன்று ஊர்களில், இயலுமாயின் இரு நாடுகளில் இருத்தல் வேண்டும். இது ஆகாத காரியமன்று. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமாக்கி, வீட்டிலிருந்தபடியே எவரும் வாசிக்க வைத்திருக்கின்றனர். துறவற சபைகள் அத்தகையோரோடு கைகோத்தல் நன்று.

மூன்றாவது, மொழி. இவ்வேடுகளிற் பெரும்பாலானவை போர்த்துக்கேயம், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் உள்ளன. ஹென்றிக்கஸ் முதலியோரின் கடிதங்களை விக்கி என்னும் இயேசு சபை அறிஞர் 1948 முதல் நாற்பது ஆண்டுகளாகப் பதினெட்டுத் தொகுதிகளிற் பதிப்பித்தார். இலங்கை பற்றிய ஆவணங்களைப் பெர்னியோலா அடிகளார் ஆங்கிலத்திற் பெயர்த்து இந்நாட்டிலேயே பல தொகுதிகளாக வெளியிட்டார். அச்சபை தன் பங்கைப் பெரிதும் செய்திருக்கின்றது. எங்கள் பங்கு எங்கே? போர்த்துக்கேயமும் இலத்தீனும் வாசிக்கத்தக்க தமிழ் மாணவர் எத்தனை பேரை நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஆக்கின? ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழைக் கற்றார். 1600இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டு அதிலேயே உழைத்தார். அவர் மொழியைக் கற்க நம்மில் இருவர் முன்வரலாகாதா?

நான்காவது, கலையும் இல்லங்கள். இக்காலத்தில் துறவறத்துக்கு வருவோர் பல இடங்களிற் குறைந்து வருகின்றனர். இல்லங்கள் மூடப்படுகின்றன. மூடும் நாளில் கதிரை மேசைக்குக் கணக்கெடுப்பர்; புத்தகங்களை நிறுத்து விற்றுவிடுவர். பழைய கையெழுத்துக் கொப்பி ஒன்று எவர் கண்ணிலும் படாது போய்விடும். ஓர் இல்லத்தை மூடுமுன் ஓர் ஆசிரியரையோ நூலகரையோ அழைத்து ஒரு வாரம் பார்வையிடச் செய்தல் பெரிய செலவன்று. அழைத்தால் கூலியின்றி வருவதற்கு எங்களிற் பலர் உளர்.

இவ்வளவும் சொன்ன யான் எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சைவ மடங்களிலும், பண்டிதர் வீடுகளிலும், பாடசாலை அறைகளிலும் துணியிற் சுற்றிக் கிடப்பவை எத்தனை? சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் வீடுவீடாய்ச் சென்று கேட்டபோது, “தரமாட்டோம்” என்று சொன்னோரும் இருந்தனர். அவர்தம் ஏடுகளிற் பல இன்று எங்கே? கொடுத்தவர் வீட்டு ஏடு நூலாயிற்று. கொடாதவர் வீட்டு ஏடு புழுதியாயிற்று. துறவியரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் அலுமாரியைத் திறப்போம்.

அன்று தப்பிய ஒரு கொப்பி என்னிடம் உள்ளது என்றேன். சென்ற வாரம் அதைப் பண்டித வகுப்பிற்குக் கொண்டுபோனேன். பின்வரிசை மாணவனை அழைத்து அவன் கையிற் கொடுத்தேன். தாள்கள் பழுத்துவிட்டன, மெல்லத் திருப்பும்படி சொன்னேன். தன் கைத்தொலைபேசியாற் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அன்று மாலைக்குள் வகுப்பிலுள்ள பதினான்கு பேருக்கும் அனுப்பிவிட்டான். முப்பது ஆண்டுகள் யான் செய்யாததைச் செய்ய அவனுக்கு ஒரு பிற்பகலே வேண்டியிருந்தது.

இரவு அவனிடமிருந்து ஒரு வினா வந்தது: “ஐயா, 23ஆம் பக்கத்தில் உங்கள் ஆசிரியர் சொல்லும் விளக்கம் உரைக்கு மாறாக இருக்கின்றதே?” எடுத்துப் பார்த்தேன். மாறாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் என் கையிலிருந்த கொப்பி; யான் அதைக் கவனித்ததில்லை.